வசீகரம் பதினெட்டு

மேஜை மேல் மதிய வெயில் விழுந்து கிடக்கிறது. அதில் ஒரு பகடை, பக்கத்தில் அக்காவின் தாள். 'தூதுவர், வசீகரம் பதினெட்டு' என்று பென்சிலில் எழுதியிருக்கிறாள். ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதை சொல்லி ஆடும் எங்கள் விளையாட்டில் அதுதான் உச்ச எண்; எதிரி ராஜாவையே பேசி மடக்கிவிடலாம். நினைத்தது நடக்குமா என்று பகடைதான் சொல்லும். அவள் கை நீட்டுவதற்குள், கதையை நடத்துகிற மாமா, அவள் புருஷன், பகடையை உள்ளங்கையால் மூடுகிறார். "உருட்டினா ஆச்சா? ராஜாகிட்ட என்ன சொல்லுவே, பேசிக் காட்டு." அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே திக்குவாய். ஒன்பது வருஷம் குடும்பம் நடத்திய மனுஷனுக்கு அது தெரியாதா? "ரா... ரா..." என்று அவள் தொடங்க, அவர் சாய்ந்துகொண்டு சிரிக்கிறார். "இதுக்கா பதினெட்டு? ராஜா தூங்கிட்டாரு." எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது; பாழாய்ப்போன வாய்தான் திறக்கவில்லை. அக்கா எழுந்து நிற்கிறாள். ஊசி குத்திக் காய்த்த தையற்காரி விரல்களால் என் நோஞ்சான் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகிறாள். "போ... போன வாரம் இவன் ப... பகடையை உருட்டிக் கோட்டைக் கதவை உடைச்சான். இ... இந்த வாசக்கதவை உடைச்சுக் காட்டுன்னு கே... கேட்டீங்களா?" அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொல்லாக, திக்கித் திக்கி, அவர் கண்ணைப் பார்த்தே முடிக்கிறாள். மாமாவின் உள்ளங்கை பகடையை விட்டு மெல்ல விலகுகிறது. அக்கா அதைத் தொடவில்லை.