டொக்

“வீட்ல மூணு செவிடுய்யா. மூணையும் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன்” என்றார் பெயின்ட் காண்ட்ராக்டர், ஜாக்கியில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற தன் பிக்கப் வண்டியைப் பார்த்தபடி.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. காண்ட்ராக்டருக்கு அதுவே போதும். கேட்க ஒரு ஆள் இருந்தால் சரி, முகம் அவசியமில்லை.

“ரெண்டு வருஷமா கரடியா கத்துறேன், முன்பக்கம் டொக்கு டொக்குன்னு அடிக்குதுன்னு. எனக்கு ஒண்ணும் கேக்கலையேங்கிறா பொண்டாட்டி. எந்த சத்தம்ப்பாங்கிறான் பையன். பொண்ணு அதுக்கும் ஒரு படி மேல, உங்க காதை டாக்டர்கிட்ட காட்டுங்கங்கிறா.”

“காட்டினீங்களா?”

“காட்டினேனே! காது கணீர்னு இருக்குன்னுட்டார்.”

மெக்கானிக் வெளியே வந்தார். கையில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கம்பி. ஆட்டினார், கடகடவென்றது.

“இதான் சார், லிங்க் ராடு. வளைவுல வண்டி சாயாம இருக்க குறுக்க ஒரு கம்பி போகுதுல்ல, அதோட முனையைப் பிடிச்சிக்கிட்டு இருக்கிறது இதுதான். பக்கத்துக்கு ஒண்ணு. தேஞ்சு ஓஞ்சு போச்சு. பள்ளத்துல இறங்கினா மூணு தெருவுக்குக் கேட்டிருக்குமே!”

“மூணு தெருவுக்குக் கேக்கும். என் வீட்டு மூணு பேருக்குக் கேக்காது” என்று இளித்தார் காண்ட்ராக்டர். “போன மாசமே மாத்தக் கிளம்பினேன். ஓடுற வண்டிய எதுக்குங்க நோண்டுறீங்கன்னு மறிச்சிக்கிட்டு நின்னா மகராசி. அதான் இன்னைக்கு வீட்ல மூச்சு விடாம வந்துட்டேன்.”

அடுத்த பக்கத்து நட்டு துருவேறிக் கிடந்தது. ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் போல்ட்டும் கூடவே சுற்றியது. “நல்லா சுத்துறியே, ராட்டினமா விடுற?” என்று மெக்கானிக்குக்கும் ஒன்று விழுந்தது. இவர் வாயால் நல்ல பெயர் வாங்கிய ஆள் இன்னும் பிறக்கவில்லை.

மெக்கானிக் போல்ட்டின் நடுவில் ஆலன் கீயைச் செருகிப் பிடித்துக்கொண்டு நட்டைக் கழற்றினார்.

“ஆனா ஒண்ணு, மரியாதைக்குக் குறைச்சல் இல்ல. நான் வீட்டுக்குள்ள கால் வைக்கும்போது டிவி ஓடாது. பிள்ளைங்க ரெண்டும் புத்தகத்துல குனிஞ்ச தலை நிமிராது. அவ தண்ணி சொம்போட வாசல்லயே நிப்பா. குண்டூசி விழுந்தா கேக்கும். வீடுன்னா ஒரு பயம் இருக்கணும்ய்யா.”

மெக்கானிக் புது லிங்கை மாட்டுவதில் மும்முரமாகிவிட்டார்.

வேலை முடிந்தது. “அந்தப் பழசைக் குடு. மூணு பேர் காதுகிட்டயும் ஆட்டிக் காட்டுறேன். நான் சொன்னதுதான் சரின்னு இன்னைக்கு ஒத்துக்கிட்டே ஆகணும்” என்று வாங்கிக்கொண்டார். இரண்டு வருடத்து வழக்கு. இன்று தீர்ப்பு.

வீட்டுச் சந்து முனையில் இருக்கும் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. சந்துக்குள் வண்டி நுழையாது என்பதால் வழக்கம்போல முனையிலேயே நிறுத்திவிட்டு, கையிலிருந்த லிங்க் முன்கூட்டியே கடகடத்துவிடாதபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வாசலில் தண்ணீர் சொம்பைக் காணோம்.

உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. அதையும் மீறிக்கொண்டு ஒரு சிரிப்பு. வேறு யார் வீட்டு வாசலிலோ நிற்கிறோமோ என்று ஒரு கணம் அவருக்குச் சந்தேகமே வந்துவிட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

புத்தகங்கள் மூடிக் கிடந்தன. நடுக்கூடத்தில் மனைவி, அவருடைய பெயின்ட் கறைச் சட்டையை மாட்டிக்கொண்டு, வயிற்றைத் தள்ளி, இடுப்பில் கையூன்றி நின்றாள். “மூணு செவிடுய்யா! மூணையும் கட்டிக்கிட்டு மாரடிக்கிறேன்!” அச்சு அசல் அவர் குரல். பையன் தரையில் புரண்டு புரண்டு சிரித்தான்.

இத்தனை வருடத்தில் அவள் இப்படி ஒரு நாள் சிரித்து அவர் பார்த்ததில்லை. கோபம்தான் வந்திருக்க வேண்டும். வெட்கம்தான் வந்தது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அம்மா, போதும்மா, வயிறு வலிக்குது. அப்பா வர்ற நேரமாச்சு.”

“வரட்டும்டி. முனையில டொக்குன்னு கேட்டதும் சட்டையைக் கழட்டிடறேன். நாம என்ன செவிடா?”