ஐந்தாவது பீக்கர்

பேராசிரியர் அமிர்தராஜுக்குத் தெரியாத செடி உலகத்தில் இல்லை. திருச்சிக் கல்லூரிகளில் அப்படித்தான் பேச்சு. பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவரேதான்.

தாவரவியல் செய்முறைத் தேர்வுக்கு எக்ஸாமினராக வந்திருந்தார். பெயர் எழுதச் சொல்லி மேசையில் வரிசையாக வைத்திருந்த செடிகளில், ஐந்தாவது பீக்கரில் இருந்ததுதான் எல்லோரையும் கவிழ்த்தது. வெளிர் ஊதாவில், சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பூ. நாற்பத்தோரு பேர் காலியாக விட்டார்கள். ஜெஸ்லின் மட்டும் எழுதியிருந்தாள்.

தேர்வு முடிந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வீட்டுல என்ன தொழில்?"

"அம்மா முக்கொம்புல மீன் வறுத்து விக்கிறாங்க சார்."

"மீன் சட்டியில லத்தீன் பேரு எப்படி மிதந்துச்சு? இந்தச் செடி பேரு தெரிஞ்ச ஒரே ஆளு நான். கொஸ்டின் லீக் ஆயிருக்கு. யார் சொன்னா?"

"யாரும் சொல்லலைங்க சார்."

"புகார் எழுதினா மூணு வருஷம் பரீட்சை பக்கமே வர முடியாது." வெள்ளைத்தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "நடந்ததைச் சொல்லு. ஒண்ணு விடாம."

ஜெஸ்லின் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான்.

சொன்னாள். கடைக்குப் பின்னால், காவிரிக் கரைச் சரிவில் முளைக்கிற செடி. காலை பத்துக்கு விரிந்து ஒரு மணிக்குச் சுருங்கிவிடும். ஆடு வாய் வைக்காது. பெயர் தெரியாத குறையில் ஆறு மாதம் லைப்ரரியில் பழைய புத்தகங்களைப் புரட்டி, படத்துக்குப் படம் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள்.

"லைப்ரரியா? அந்தத் தூசியில எவன் உட்காருவான்? நல்லா கதை விடுற" என்றவர், அடுத்த மூச்சில் கேட்டார்: "எந்தப் புத்தகம்? எத்தனாவது பக்கம்?"

எழுதிக்கொண்டார். மழைக்கு முன்னால் பூக்குமா, பின்னாலா? காய் எப்படி வெடிக்கும்? வேர் எவ்வளவு ஆழம்? கொலைக் கேஸில்கூட இப்படித் துருவமாட்டார்கள். இரண்டு பக்கம் நிரம்பியது.

"எங்க சார் கையெழுத்துப் போடணும்?" பேனாவுக்குக் கையை நீட்டினாள்.

"உன் கையெழுத்து எதுக்கு? சின்னப் பொண்ணுன்னு மன்னிச்சு விடறேன். பாஸ் மார்க் போட்டாச்சு. வெளியில மூச்சு விடக்கூடாது. போ."

அவள் கதவைத் திறந்ததும் எதிர் ஜன்னல் வழியாகக் காற்று புகுந்தது. மேசையிலிருந்த தாள் பறந்து வந்து அவள் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தாள். புகாரின் முதல் வரியாவது தெரிந்துபோகட்டும் என்று பார்த்தாள்.

'இருபது ஆண்டுகள் என்னை அலையவைத்த காவிரிக்கரைச் செடி: அதன் பெயரை நானே கண்டுபிடித்த கதை – முனைவர் அமிர்தராஜ்.'