தோற்ற ஊருக்கு ஒரு கோடு

கணவர் சிவப்பிரகாசம் கூடத்துத் தரையில் சாக்கட்டியால் திண்டிவனத்தை வரைந்தபோது ஆதிலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

அங்கிருந்து மேற்கே ஒரு கோடு போனது. அது செஞ்சி.

வடக்கே எதுவும் போகவில்லை.

வெள்ளிக்கிழமை புதுச்சேரியிலிருந்து வாடகை மோட்டார் வருகிறது. பிரெஞ்சு ஆட்சியில் இருக்கும் கரிக்கலாம்பாக்கத்தில் குடும்பத்தோடு மோட்டாரில் ஊர் சுற்றக் கிளம்பும் முதல் வீடு அவர்களுடையது. வண்டியைப் பேசியவன் மகன் சிங்காரவேலு. சின்ன மகள் கனகாம்பாள் ஓரத்து இடம் தனக்குத்தான் என்று மூன்று நாளாய்ச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். எந்தெந்த ஊர் என்பதை மட்டும் சிவப்பிரகாசம் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அவருக்குப் பழைய சண்டைகள் என்றால் உயிர். பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த கதையை, நேற்றுத் தன் வரப்பில் நடந்த தகராறு போலச் சொல்வார்.

"ராவோட ராவா ஏறிட்டோம், தெரியுமா!"

தோற்ற இடங்கள் அவருக்கு ஆகாது. பாகூர்ச் சண்டையில் இங்கிலீஷ்காரன் ஜெயித்தான் என்பதால், அந்தப் பக்கம் வண்டி போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வந்தவாசியோ அதைவிடப் பெரிய தோல்வி. அந்த ஊர்ப் பேச்சையே எடுக்க மாட்டார்.

ஆதிலட்சுமிக்கு வந்தவாசிதான் வேண்டும்.

அங்கேதான் மூத்த மகள் கஸ்தூரி இருக்கிறாள். நாலு வருஷத்துக்கு முன் நல்லவாடு ஊர்க் கிறிஸ்தவப் பையன் மரியதாஸைக் கட்டிக்கொண்டு போனவள். அன்றைக்கு, அவள் பேர் இனி இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்றார் சிவப்பிரகாசம். கேட்கவில்லை. அவளுக்குப் பெண் பிறந்தது, அது தவழ்ந்தது, நடந்தது எல்லாம் சிங்காரவேலுவின் சிநேகிதன் விலாசத்துக்கு வந்த கார்டுகளில்தான் ஆதிலட்சுமிக்குத் தெரியும்.

மகன் சொல்லிக்கொடுத்திருந்தபடி மெல்ல ஆரம்பித்தாள்.

"வந்தவாசியில கோரப்பாய் நல்லா இருக்குமாமே. நாலு வாங்கியாந்துடலாம்."

"பாயிக்காவ நாம தோத்த எடத்துக்குப் போவணுமா?"

"தோத்தாலும் கோட்ட இன்னும் நிக்குதாம்பா," என்றான் சிங்காரவேலு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

சிவப்பிரகாசம் சாக்கட்டியை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து, திண்டிவனத்திலிருந்து வடக்கே, வந்தவாசிக்கு, நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

ஆதிலட்சுமிக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. ஆடாமல், பாய்க்குப் பேரம் பேசுவதைப் பற்றிக் கனகாம்பாளிடம் ஏதோ சொன்னாள். இவர் கோட்டையைச் சுற்றி வருவதற்குள் பாய் பார்க்கிற சாக்கில் நழுவிவிடலாம். அரை மணி நேரம் போதும். குழந்தையை ஒரு தடவை தூக்கினால் போதும்.

"எல்ல தாண்டும்போது இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடியில நகைங்களுக்குக் கணக்கு கேப்பான்," என்றார் சிவப்பிரகாசம். "நேத்தே எழுதி வெச்சிட்டேன். சரியான்னு பாருங்க."

மடியிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து வாசித்தார்.

ஆதிலட்சுமியின் அட்டிகை. கனகாம்பாளின் ஜிமிக்கி. அவருடைய மோதிரம். வெள்ளிக் கூஜா. கடைசியாக, வெள்ளிக் கொலுசு, சின்னது, ஒரு ஜோடி.

சிங்காரவேலு அம்மாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். இந்த வீட்டில் சின்னக் கொலுசு போடுகிற கால் எதுவும் இல்லை.

சிவப்பிரகாசம் காகிதத்திலிருந்து தலை நிமிரவில்லை.

"ரெண்டு வயசுக்குன்னு சொல்லித்தான் வாங்கனேன்," என்றார். "காலுக்கு சேருமா இன்னான்னு தெரியல. நீதான் போட்டுப் பாத்துச் சொல்லணும்."