வேராவின் மூன்று பலூன்கள்

மாமாங்கக் கோயில் திருவிழாவில் பலூன் சுடும் கடை போட்டிருந்த குலேந்திரன், காலையிலிருந்து ஒருவருக்கும் பரிசு கொடுக்கவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு வந்த இளவட்டங்கள்கூட ஒரு பலூனையும் உடைக்காமல் போனார்கள்.

அறுபதைத் தாண்டிய வேரா துவக்கைக் கையில் எடுத்தார்.

"துவக்குச் சுடுற போட்டியில கழகத்துக்குச் சுட்டதெல்லாம் அந்தக் காலம், வேரா. இப்ப கிட்டக் கிடக்கிறதொண்டும் உன்ட கண்ணுக்குத் தெரியாதே," என்று தடுத்தார் கணவர் ஹெக்டர்.

வேரா கேட்கவில்லை. மூன்று பலூன்கள் அடுத்தடுத்து வெடித்தன.

"எப்பிடி அன்ரி குறி பார்த்தீங்க?" என்றான் குலேந்திரன்.

"துவக்கு நுனியில இருக்கிற குறிமுள் என்ட கண்ணுக்குத் தெரியவேயில்லை, மகன். பலூன் வடிவாத் தெரிஞ்சுது. அதைப் பார்த்தே சுட்டன். ஹெக்டர், நாளைக்குக் கழகத்துக்கும் போறன்!"

குலேந்திரன் பரிசுக் கரடிப் பொம்மையை எடுத்து நீட்டினான். யாருக்கும் பரிசு போய்விடக் கூடாதென்று, காலையில் கடை திறந்ததுமே அந்தக் குறிமுள்ளை வளைத்து வைத்தவன் அவன்தான்.