முறை தவறிய பச்சைப் படகு

பழவேற்காடு ஏரிக்கரையில், கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்திருக்கிறாள் தேவிகா. ஓவியர்கள் படம் பகிரும் தளத்தில் இத்தனை நாளாக அவளுக்கு இருந்த ரசிகர்கள் அவள் அம்மாவும் போலந்துக்காரர் ஒருவரும்தான். காலையில் போட்ட ஏரிப் படத்தை அம்மா ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பித் தொலைத்தாள்; அப்போதிருந்து கைப்பேசி மடவை மீனாய்த் துள்ளுகிறது. ஈர வலையைத் தோளில் போட்டபடியே வந்து நிற்கிறார் சித்தப்பா முனிரத்தினம். "இன்னா கண்ணு, இன்னிக்கு நீ வரைஞ்ச எடத்துல வலை போடற முறை நம்ம ஊருது. அங்க அக்கரைக்காரன் பச்சைப் படகை வரைஞ்சி வெச்சிருக்கியே!" "அது வெறும் படம், சித்தப்பா." "படத்துல உட்டா, நாளைக்கு நெசத்துலயே வருவான்!" அதற்குள் அக்கரைக்காரர்களும் தளத்தில் கணக்குத் தொடங்கி இறங்கிவிட்டார்கள்: "எங்க படகு மேல கை வெச்சிப் பாரு!" சண்டை ஏற ஏறப் படமும் ஏறி, தளத்தின் முதல் பக்கத்தில் வந்து நிற்கிறது. போலந்துக்காரர் மட்டும், "என்ன ஓர் அமைதி!" என்று உருகியிருக்கிறார். "மொதல்ல அதை அழி" என்கிறார் சித்தப்பா. "சரி சித்தப்பா" என்று பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, தேவிகா புதுத் தாளை விரித்துத் தூரிகையைச் சிவப்பில் தோய்க்கிறாள். தெற்கே இருக்கும் மூன்றாவது ஊர்க்காரர்களின் படகு சிவப்பு.