யாருடைய குறட்டை

கணவர் தூக்கத்தில் குறட்டை விடுவாரா என்று குடியேற்றத் துறை அதிகாரியம்மா கேட்டார்.

பெர்மெத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதுவரை கேட்டவற்றில் பாதிக்கு அவள் தடுமாறியிருந்தாள்.

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. சிகாகோவுக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே லாரி ஓட்டிக்கொண்டே அவளும் கணவன் எர்மேக்கும் மற்றதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தார்கள். யாருடைய பிரஷ் என்ன நிறம். மாமியார் பிறந்த ஊர் எது. கல்யாணத்துக்கு எத்தனை ஆடு அடித்தார்கள்.

ஊர்க்காரரான தாலாந்த் அண்ணன் போன வருஷமே மனைவிக்கு கிரீன் கார்டு வாங்கிவிட்டவர். ஒருத்தர் ஓட்டும்போது ஒருத்தர் தூங்குவோம் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதே தங்கச்சி, புருஷனும் பெண்டாட்டியும் டீசல் போடுகிற இடத்தில்தான் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எழுதிவிடுவார்கள் என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அவள் அதைத்தான் சொல்லியிருந்தாள். கட்டிலில் யார் எந்தப் பக்கம் என்று கேட்டதும் உண்மை வாயில் வந்துவிட்டது. சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், லாரி நிற்கக் கூடாது. இருக்கைக்குப் பின்னால் திரை போட்ட ஒரு கட்டில். அதில் ஒரு நேரத்துக்கு ஒருவர்.

அப்போது ஏறிய அதிகாரியின் புருவம் இன்னும் இறங்கவில்லை.

பெர்மெத்திடம் இருப்பது வேலை செய்வதற்கான தற்காலிக அனுமதி. கிரீன் கார்டு வரும்வரை அதை வைத்து லாரி ஓட்டலாம். இந்தக் கல்யாணம் பொய் என்று இந்த அம்மா முடிவு செய்துவிட்டால் அனுமதியும் போகும். எர்மேக் இந்த நாட்டுக் குடிமகன், இங்கேயே இருப்பான். அவள் மட்டும் கிர்கிஸ்தானில் இருக்கும் சொந்த ஊர் நரினுக்கு விமானம் ஏற வேண்டும்.

ஆனால் குறட்டை. அது அவளுக்குத் தெரியாதா?

"விடுவார். நல்லாவே விடுவார்," என்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வந்த தைரியத்தில் மேலும் சொன்னாள். லாரி ஓட்டப் பழகிய முதல் குளிர்காலம். வயோமிங்கில் காற்று அடிக்கிற அடியில் பின்னால் பெட்டி ஆடுகிறது, உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்குகிறது. தூக்கம் வராமலிருக்க வாயில் அடக்கிய உப்புத் தயிர் உருண்டையை மெல்லவும் மறந்து போகிறாள். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் கிளம்பும். இந்த மனுஷன் இப்படிக் கவலையில்லாமல் தூங்குகிறார் என்றால் நாம் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறோம் என்று தோன்றிவிடும். கை தானாக நேராகும். இன்றைக்கும் அந்தச் சத்தம்தான் துணை.

எப்படி இருக்கும் என்று செய்துகூடக் காட்டினாள்.

அதிகாரி சிரிக்கவில்லை.

"உங்க கணவர்கிட்டயும் இதைத்தான் கேட்டேன். இல்லவே இல்லைன்னு சொன்னார்."

தூங்குகிறவருக்கு எப்படித் தெரியும் என்று பெர்மெத் சமாளித்தாள்.

தெரியாது என்று அவர் சொல்லவில்லையே என்றார் அதிகாரி. பட்டாளத்தில் இவர் பக்கத்துக் கட்டிலுக்குத்தான் சண்டை நடக்குமாம். அந்த அறையிலேயே சத்தமில்லாமல் தூங்குகிறவர் இவர் ஒருவர்தானாம்.

பெர்மெத்துக்குக் காது சூடாகியது. ஆம்பளை வீம்பு. குறட்டை விடுவேன் என்று ஒப்புக்கொண்டால் கிரீடம் இறங்கிவிடுமா?

அதிகாரி முன்னால் சாய்ந்தார்.

"அப்ப நீங்க கேக்கிறது யாரோட குறட்டைம்மா?"

அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று பெர்மெத்துக்குப் புரிந்தது. லாரியில் இருப்பது வேறொருவன். எர்மேக் என்பது வெறும் பெயர்.

வெளியே உட்காருங்கள், மேலதிகாரியிடம் பேசிவிட்டு இருவரையும் சேர்த்துக் கூப்பிடுகிறேன் என்றார் அதிகாரி.

கூடத்துக்கு வருவதற்குள் பெர்மெத் நாலு வார்த்தை தயார் செய்திருந்தாள். உங்க வீம்பால எல்லாம் போச்சு என்பது முதல் வார்த்தை.

எர்மேக் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

நேற்றிலிருந்து அவன்தான் ஓட்டி வந்தான். நீ போய்ப் படு, நாளைக்கு முகம் தெளிவாக இருக்க வேண்டும் என்று அவளைத் திரைக்குப் பின்னால் விரட்டியிருந்தான். இப்போது இரவல் கோட்டில், தலை பின்னால் சுவரில் சரிந்து, வாய் பிளந்து கிடந்தான்.

திட்டுவதற்குக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

சத்தமே இல்லை.

காதை அவன் வாயருகே கொண்டு போனாள். மூச்சு வந்து போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான். வாடகை அறையில் தங்கும் ஓரிரு நாட்களில் படுத்ததும் கட்டையாகத் தூங்கிப்போகிறவள் அவள். எழும்போது அவன் தேநீர் போட்டிருப்பான். அவன் தூங்கி அவள் இன்றுவரை பார்த்ததில்லை. கேட்டதுதான் உண்டு.

கேட்டதா?

வயோமிங்கிலும் நெப்ராஸ்காவிலும், அவள் ஓட்டிய ஒவ்வொரு இரவும், திரைக்கு அந்தப் பக்கம் இருட்டில் கண்ணை விழித்துக்கொண்டு ஒருவன் அந்தச் சத்தத்தைச் செய்துகொண்டிருந்திருக்கிறான். அவள் முறை முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, நல்ல தூக்கம் என்று சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கை வாங்கியிருக்கிறான்.

குனிந்திருந்தவள் மெல்ல நிமிர்ந்தாள்.

கதவு திறந்தது. அதிகாரி இருவர் பெயரையும் சொல்லி அழைத்தார். எர்மேக் அசையவில்லை. எழுப்புங்கள் என்றார்.

பெர்மெத் கையை உயர்த்தித் தடுத்தாள்.

"யாரோட குறட்டைன்னு கேட்டீங்கல்ல, மேடம். கொஞ்சம் இங்க வந்து கேளுங்க. நான் பயப்படாம ஓட்டணும்னு இவர் முழிச்சிருந்து செஞ்ச சத்தம் அது."

அதிகாரி தயங்கி, பக்கத்தில் வந்து நின்றார். அவன் முகத்தைப் பார்த்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, பெர்மெத் சற்று முன் செய்து காட்டியது நினைவுக்கு வந்ததுபோல அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அவனை எழுப்பச் சொல்லாமல், அடுத்த ஜோடியின் பெயரைச் சொல்லி, குரலைத் தாழ்த்தித்தான் கூப்பிட்டார்.