ஆறு மணி நேர மூச்சு

மூச்சுக்கருவிக் கடையில் செண்பகவல்லி மூன்றாவது முகமூடியையும் தன் மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"தூக்கத்துல மூச்சு நிக்கிறது சாருக்குத்தானக்கா? நீங்க ஏன் போட்டுப் பாக்கீங்க?" என்றாள் விற்பனைப் பெண்.

சார் நாற்காலியில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். செண்பகவல்லியின் புருஷன், பஸ் டிரைவர் தவசிக்கண்ணு. இரவில் ஆறு மணி நேரம் கருவி மாட்டித் தூங்கியதாக அதிலிருந்து தகவல் வராவிட்டால் மறுநாள் அவர் பஸ் ஸ்டார்ட் ஆகாதபடி கம்பெனி பூட்டிவிடும். இரவல் கருவியை மூன்று நாள் மாட்டிப் பார்த்தார். மூன்று நாளும் தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்துவிட்டார். மூன்று நாளும் அன்றைய வேலையும் கூலியும் போயிற்று.

"நேத்து அவருக்குப் பதிலா நான் மாட்டித் தூங்கினேன். இன்னைக்கு பஸ் கிளம்பிட்டு. மெஷினுக்கு மூச்சு வந்தாப் போதும், யார் மூச்சுன்னா கேக்குது? எனக்குப் பொருந்துறதாக் குடும்மா."

அந்தப் பெண் சின்ன அளவு முகமூடியை எடுத்து வைத்தாள்.

நாற்காலியில் குறட்டை சட்டென்று நின்றது. தவசிக்கண்ணுவின் நெஞ்சு அசையவில்லை. செண்பகவல்லி பதறாமல் போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் திணறி மூச்சை இழுத்துக் கண் விழித்தார்.

"எந்திரிங்க, பள்ளிக்கூடம் விட்டிருக்கும். பிள்ளைங்க உங்க பஸ்ஸுக்கு நிக்கும்."